சிகிச்சையில் இருக்கும் தங்கை கந்தசஷ்டி பிடிக்கலாமா?

காலிவீதிக்காரி:
என் தங்கைக்கு 22 வயது. அனோரெக்சியா என்ற உண்ணல் கோளாறுக்காகச் சிகிச்சை பெறுகிறாள். முன்பைவிடத் தேறியிருக்கிறாள், ஆனால் நிறை இன்னும் வைத்தியர் சொன்ன அளவுக்கு வரவில்லை. ஒவ்வொரு வேளையும் வீட்டில் யாராவது பக்கத்தில் இருந்துதான் சாப்பிட வைக்கிறோம். இப்போது ஆறு நாளும் சஷ்டி பிடிக்கப்போகிறாளாம், மாலையில் பாலும் பழமும் போதுமாம். "பிள்ளை கோயில் பக்கம் திரும்பிவிட்டாள்" என்று அம்மாவுக்கு ஒரே சந்தோஷம். நான் கூடாது என்கிறேன். ஆகவே வீட்டில் இப்போது நான்தான் சூரன்.

வேலடிமை:
கலியாணத்துக்கு முன்பிருந்தே சஷ்டி பிடிப்பவன் நான். மனத்தை அடக்கத்தானே விரதம்? மனம் குழம்பிய பிள்ளைக்கு அதைவிட நல்ல மருந்து எது? எங்கள் காலத்தில் இந்தப் பெயரில் ஒரு வருத்தமே கிடையாது. எல்லாம் கைப்பேசியில் ஒல்லிப் பெண்களைப் பார்த்து வந்த வினை.

வார்ட் தாதி:
ஐயா, லண்டன் வைத்தியர் வில்லியம் கல் இந்த நோய்க்குப் பெயர் வைத்தது 1870களில். அப்போது யாரிடம் கைப்பேசி இருந்தது? அடக்கம் போதாமல் இந்தப் பிள்ளைகள் நோயாளி ஆகவில்லை. அடக்கம்தான் இங்கே நோய். இடியப்பத்தை இழை இழையாகப் பிரித்து, சொதி படாத இழையாகத் தேடி எடுத்து, ஆறி அவலாய்ப் போகும்வரை தட்டின் முன்னால் இருப்பார்கள். பசிக்காமல் அல்ல, நிறை கூடிவிடுமோ என்ற பயத்தில்.

இன்னொன்று, பாறணையைப் பற்றி ஒருவரும் யோசிப்பதில்லை. நன்றாக மெலிந்த உடல் பட்டினி கிடந்துவிட்டுத் திடீரென வயிறாரச் சாப்பிட்டால் இரத்தத்தில் பொஸ்பேற்று என்ற உப்பு சட்டென்று இறங்கும். இதயத் துடிப்பே தடுமாறலாம். இரண்டாம் உலகப் போர் முடிவில் விடுதலையான போர்க்கைதிகளிடம் வைத்தியர்கள் பார்த்த ஆபத்து இது. உங்களுக்கும் எனக்கும் ஆறு நாள் விரதம் ஒன்றும் செய்யாது. அவளுக்கு அப்படியல்ல.

வேலடிமை:
வைத்தியம் படித்தவர்கள் எதற்கும் பயமுறுத்துவீர்கள். ஆறு நாள் பிடிக்க ஆசைப்படும் பிள்ளையைத் தடுத்து, அவள் மனம் நொந்து, கிடைக்கிற பிடிமானமும் போனால் யார் பொறுப்பு?

கொம்பனித்தெரு நானா:
இது உங்கள் விரதம், நான் நுழைவது சரியோ தெரியாது. எங்கள் நோன்பில் நோயாளிக்கு விலக்கு உண்டு; குர்ஆன் 2:184 அதைத் தெளிவாகச் சொல்கிறது. சுகமான பிறகு நோற்கலாம், அதற்கும் இயலாதவர் ஏழைக்கு உணவளிக்கலாம். முருகன் மட்டும் அவ்வளவு கண்டிப்பானவரா?

மீண்டுவந்தவள்:
அந்தப் பிடிமானம் எனக்கும் இருந்தது, வேலடிமை ஐயா. முதலில் வெள்ளி. பிறகு செவ்வாய், ஏகாதசி, பிரதோஷம் என்று கலண்டரையே விரதத்தால் நிரப்பினேன். வீட்டில் ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை. மாமி நெற்றியில் திருநீறு பூசி, "இந்தக் காலத்தில் இப்படி ஒரு பிள்ளையா" என்று மெச்சினார். சாப்பிடாமல் இருக்க அதைவிட வசதியான ஏற்பாடு கிடையாது. பக்தி பொய் என்று சொல்லமாட்டேன். அதன் முதுகில் நோய் ஏறிக்கொண்டது.

ஆனால், அக்கா, உங்களிடமும் ஒரு குறை. சாப்பிடும்போது அவள் தட்டையே பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். பக்கத்தில் இருங்கள், ஊர்க்கதை கதையுங்கள். "முகம் தெளிந்துவிட்டது, கொஞ்சம் பூசினாற்போல் இருக்கிறாய்" என்று வருகிறவர்கள் சொல்வதைத்தான் முதலில் நிறுத்த வேண்டும். அந்த ஒரு வார்த்தைக்காகவே நான் இராச்சாப்பாட்டை விட்ட நாட்கள் உண்டு.

காலிவீதிக்காரி:
அதைச் சொல்வதே நான்தான். இனிச் சொல்லமாட்டேன்.

அடுத்த கிளினிக்குக்கு அம்மாவையும் கூட்டிப்போகிறேன், வைத்தியரே அவரிடம் பேசட்டும். தங்கை ஆறு நாளும் பம்பலப்பிட்டிக் கதிரேசன் கோயிலுக்கு வரட்டும், கவசம் படிக்கட்டும். சாப்பிட்டுவிட்டு வரட்டும்.

வேலடிமை:
சாப்பிட்டுவிட்டுப் பிடிப்பதற்குப் பெயர் விரதம் அல்ல. அதில் என் கருத்து மாறாது. ஆனால் சூரன்போர் அன்று பின்னேரம் காலி வீதி பஸ்ஸில் நிற்கவும் இடம் இருக்காது. பிள்ளையை ஓட்டோவில் கூட்டிப்போங்கள். நேரத்தோடு போனால் உள்ளே இருக்க இடம் கிடைக்கும்.