கிராக்கோவ் கெட்டோவின் மருந்தாளுநர் பன்கியெவிச்சை எப்படி நினைவுகூர்வது?

கேள்வி: மருந்துச்சீட்டு

நண்பர்களுக்கு வணக்கம். நான் டி.பார்ம் மாணவர்களுக்குப் பாடம் நடத்துகிறேன். செப்டம்பர் 25 உலக மருந்தாளுநர் நாளன்று ஒரு மருந்தாளுநரின் வாழ்க்கையைப் பற்றிக் கால் மணி நேரம் பேச வேண்டும் என்று துறைத் தலைவர் கேட்டுக்கொண்டிருக்கிறார். மருந்து கண்டுபிடித்தவர்களைப் பற்றியே ஆண்டுதோறும் பேசிச் சலித்துவிட்டது. கல்லாவுக்குப் பின்னால் நின்று மருந்து எடுத்துக் கொடுத்த ஒருவரைப் பற்றிப் பேசலாம் என்று தேடியபோது, போலந்தின் கிராக்கோவ் நகரத்தில் வாழ்ந்த டாடெயுஷ் பன்கியெவிச் (1908–1993) என்பவரின் பெயர் கிடைத்தது. இரண்டாம் உலகப் போரின்போது யூதர்களை அடைத்து வைத்த கெட்டோவுக்குள் மருந்தகம் நடத்தியவர் என்றும், ஏழைகளுக்கு இலவசமாக மருந்து கொடுத்தவர் என்றும் படித்தேன்.

எனக்கு இரண்டு ஐயங்கள் உள்ளன. யூதர் அல்லாத ஒருவர் கெட்டோவுக்குள் கடை வைத்திருக்க ஜெர்மானியர்கள் எப்படி அனுமதித்தார்கள்? அடுத்து, ‘இலவசமாக மருந்து கொடுத்தார்’ என்று மட்டும் சொல்லி முடித்தால், ஏதோ தர்ம ஆஸ்பத்திரி நடத்தியவரைப் பற்றிப் பேசியதுபோல் ஆகிவிடாதா? மாணவர்கள் தொழில் சார்ந்து எதை எடுத்துக்கொள்ள முடியும் என்று விவரம் அறிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

பதில் 1: பழைய ஏடு

ஐயா, முதல் கேள்விக்கு விடை அந்தக் கடை இருந்த இடத்திலேயே இருக்கிறது. விஸ்துலா ஆற்றின் தென்கரையில் உள்ள பொட்குஜெ பகுதியில், பன்கியெவிச்சின் தந்தை யூசெஃப் 1910 வாக்கில் தொடங்கிய ‘கழுகு’ மருந்தகம் அது. கிராக்கோவின் யாகெல்லோனியன் பல்கலைக்கழகத்தில் மருந்தியல் படித்த மகன், 1933-இல் பொறுப்பை ஏற்றார். கடை கெட்டோவைத் தேடிப் போகவில்லை. 1941 மார்ச்சில் ஜெர்மானியர்கள் பொட்குஜெயின் ஒரு பகுதியை வளைத்துக் கெட்டோவாக அறிவித்தபோது, கடை அதற்குள் மாட்டிக்கொண்டது. ஏறத்தாழ 3,000 பேர் குடியிருந்த 320 வீடுகளில் 15,000-க்கும் மேற்பட்ட யூதர்களைத் திணித்து, சுற்றிலும் மதில் எழுப்பினார்கள். அந்த மதிலின் மேல் விளிம்பை யூதர்களின் கல்லறைக் கற்களைப் போல வளைத்துக் கட்டியதுதான் அவர்களுடைய குரூரம்.

யூதர் அல்லாத போலந்துக்காரர்கள் வெளியேற வேண்டும் என்பது ஆணை. பன்கியெவிச்சுக்கு மதிலுக்கு வெளியே மாற்று இடம் தர ஜெர்மானியர்கள் முன்வந்தார்கள். கடையை மாற்றினால் தான் நொடித்துப்போய்விடுவதாகக் காரணம் காட்டி, அவர் அதை மறுத்தார். கெட்டோவுக்குள் இயங்கிய ஒரே மருந்தகமாக அதை நடத்தவும், கடையிலேயே தங்கிக்கொள்ளவும் அவருக்கு அனுமதி கிடைத்தது. அன்றிலிருந்து 1943 மார்ச்சில் கெட்டோ அழிக்கப்படும் வரை, இரவும் பகலும் அவர் இருந்தது அங்கேதான்.

கடையின் முகப்பு ஒரு சதுக்கத்தைப் பார்த்திருந்தது. 1942 ஜூனிலும் அக்டோபரிலும் பெல்ஜெட்ஸ் கொலைமுகாமுக்கு அனுப்ப ஆயிரக்கணக்கானவர்களை மூட்டை முடிச்சுகளோடு கொண்டுவந்து உட்கார வைத்தது அந்தச் சதுக்கத்தில்தான். தன் கடைச் சன்னல் வழியாகக் கண்டதையெல்லாம் அவர் 1947-இல் நூலாக எழுதினார். கெட்டோவின் அன்றாடத்தை அறிய விரும்புகிறவர்களுக்கு அது இன்றும் முதன்மையான சான்று.

பதில் 2: இரவுப்பணி

நான் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக மருந்தாளுநராக இருப்பவன். உங்கள் இரண்டாவது ஐயம் நியாயமானது என்பதால், அதற்கு மட்டும் பதில் சொல்கிறேன். இலவசம் என்பதைச் சொல்லுங்கள். ஆனால் அதற்கு இரண்டு நிமிடத்துக்கு மேல் வேண்டாம். அந்தக் கடையிலிருந்து என்னென்ன வெளியே போனது என்பதை மாணவர்களுக்கு எடுத்துக்காட்டுங்கள்.

முதலாவது தலைமுடிச் சாயம். உயிர் பிழைக்கும் போராட்டத்தில் இதற்கு என்ன வேலை என்று தோன்றும். உழைக்கத் தகுதியற்றவர்கள் என்று தோன்றியவர்களைத்தான் முதலில் முகாமுக்கு அனுப்பினார்கள்; நரைத்த தலை அதற்குப் போதுமான அடையாளம். மதிலைத் தாண்டித் தப்ப நினைத்தவர்களுக்கும் தோற்றத்தை மாற்றிக்கொள்ள வேண்டியிருந்தது. ஆக, அழகுப் பொருள் அலமாரியில் இருந்த ஒரு புட்டி அங்கே உயிர்காக்கும் மருந்தாகிவிட்டது.

இரண்டாவது, குழந்தைகளுக்கான அமைதிப்படுத்தும் மருந்து. கெஸ்டாப்போ என்ற ஜெர்மானிய ரகசியக் காவல்துறையின் சோதனையின்போது மறைவிடத்தில் ஒரு குழந்தை அழுதால், அங்கே ஒளிந்திருக்கும் அத்தனை பேரும் பிடிபடுவார்கள் என்பதால் பெற்றோர் அதைக் கேட்டு வந்தார்கள். இந்த இடத்தில் உங்கள் மாணவர்களை நிறுத்தி ஒரு கேள்வி கேளுங்கள். லூமினால் போன்ற பார்பிட்யூரேட் வகை மருந்துகள்தான் அந்தக் காலத்தில் பரவலாகக் கிடைத்தவை. தூங்க வைக்கும் அளவுக்கும் மூச்சை அடக்கிவிடும் அளவுக்கும் அவற்றில் இடைவெளி குறைவு. குழந்தையின் எடை குறையக் குறைய, தவறுக்கு இடமே இல்லாமல் போகும். அரைப்பட்டினியில் கிடக்கும் குழந்தையின் எடையை யார் நிறுத்துப் பார்த்தார்கள்? மருத்துவரின் சீட்டும் இல்லாமல், மறுபடி வந்து நிலைமையைச் சொல்லும் வாய்ப்பும் இல்லாமல், ஒரு தாயின் கையில் அந்தப் பொடியை மடித்துக் கொடுக்கும்போது ‘இவ்வளவுதான், இதற்கு மேல் கூடாது’ என்று சொல்லும் பொறுப்பு முழுவதும் மருந்தாளுநருடையது. கணக்குப் பார்க்காமல் அள்ளிக் கொடுப்பது எளிது. அங்கே தேவைப்பட்டது அளந்து கொடுக்கும் கை. மருந்தளவைக் கற்பிக்கும் போசாலஜி வகுப்பில் வராத பாடம் இது.

பதில் 3: தராசு

இருவரும் எழுதியது சரிதான். ஆனாலும் இப்படிப்பட்ட நினைவுரைகளில் ஒருவரையே மையத்தில் நிறுத்தி, சுற்றியிருந்தவர்களை இருட்டில் தள்ளிவிடும் பழக்கம் நமக்கு உண்டு என்பதால் ஒன்றைச் சேர்க்கிறேன். பன்கியெவிச்சிடம் மூன்று பெண்கள் பணியாற்றினார்கள். அவர் கெட்டோவுக்குள்ளேயே தங்கினார். அவர்களோ வேலைக்கான அனுமதிச் சீட்டோடு வாயிலைக் கடந்து வந்து போனார்கள். உணவும் செய்தியும் மதிலைத் தாண்டியதில் அவர்களுக்கும் பெரும் பங்கு உண்டு. அதற்கு என்ன விலை கொடுக்க நேரிடும் என்பது அவர்களுக்குத் தெரியாததல்ல: கெட்டோவை விட்டு வெளியேறும் யூதருக்கும் அவருக்கு அடைக்கலம் தருபவருக்கும் மரண தண்டனை என்று, ஜெர்மனி கைப்பற்றியிருந்த போலந்துப் பகுதியின் ஆளுநர் ஹன்ஸ் ஃபிராங்க் 1941 அக்டோபரிலேயே ஆணை பிறப்பித்திருந்தார். பையில் ரொட்டியோடும் கடிதத்தோடும் காவலரைத் தாண்டி நடந்தவர்களுக்கு உங்கள் பேச்சில் ஒரு வாக்கியமாவது வேண்டாமா?

இன்னொன்று: ‘இத்தனை பேரைக் காப்பாற்றினார்’ என்று எண்ணிக்கை எதையும் சொல்லிவிடாதீர்கள். 1943 மார்ச் 13, 14 ஆகிய இரண்டே நாட்களில் கெட்டோவை அழித்தபோது சுமார் 2,000 பேர் அங்கேயே கொல்லப்பட்டார்கள்; மற்றவர்கள் பிளாஷோவ் கட்டாய உழைப்பு முகாமுக்கும் ஆஷ்விட்ஸ் கொலைமுகாமுக்கும் கொண்டு செல்லப்பட்டார்கள். அவரிடம் மருந்து வாங்கியவர்களில் பெரும்பாலோர் பிழைக்கவில்லை. கைதட்டல் வாங்கும் முடிவை எதிர்பார்த்து அமரும் மாணவர்களுக்கு இதைச் சொல்வது கடினம்தான். அதற்காக விட்டுவிடவும் முடியாது.

மருந்துச்சீட்டு

மூவருக்கும் நன்றி. பேச்சின் நடுப்பகுதி முழுவதையும் அந்த அமைதிப்படுத்தும் மருந்துக்கே ஒதுக்கலாம் என்று முடிவு செய்துவிட்டேன். மாணவர்களிடம் கேள்வியாகவே வைக்கிறேன். ‘தராசு’ ஐயா சொன்ன மூன்று பெண்களின் பெயர்களை யாரேனும் தர முடியுமா? போருக்குப் பிறகு கடை என்னவாயிற்று என்பதும் தெரிய வேண்டும்.

பதில் 4: ஊர்சுற்றி

இரேனா ட்ரோஸ்ட்ஜிகோவ்ஸ்கா, ஹெலெனா கிரிவானியுக், ஆரேலியா டானெக். உச்சரிப்பு ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும். திரையில் காட்டுவதானால் போலந்து எழுத்திலேயே போடுங்கள்.

போருக்குப் பின் கம்யூனிச ஆட்சி மருந்தகங்களை நாட்டுடைமையாக்கியபோது, தந்தை தொடங்கிய கடை 1951-இல் அவர் கையை விட்டுப் போயிற்று. 1967-இல் அந்த மருந்தகமே மூடப்பட்டு, அதே இடத்தில் மதுக்கடை நடந்தது. (அந்த முகவரிக்கு வாய்த்த அடுத்த வாடிக்கையாளர்களை நினைத்தால் எனக்கு இன்றும் எரிச்சல் வருகிறது.) 1983 பிப்ரவரியில் யூத இனப்படுகொலையின் நினைவைப் பேணும் இஸ்ரேலின் யாத் வாஷெம் நிறுவனம், யூதர்களைக் காக்க உதவிய யூதர் அல்லாதவர்களுக்குத் தரும் ‘உலக நாடுகளின் நேர்மையாளர்’ என்ற சிறப்பை அவருக்கு வழங்கியது. அதே ஆண்டில் அந்தக் கட்டடத்தில் அருங்காட்சியகமும் திறக்கப்பட்டது. அதைப் பார்த்த பிறகே அவர் 1993 நவம்பரில் காலமானார். இப்போது கிராக்கோவ் நகர அருங்காட்சியகத்தின் கிளையாக இயங்கும் அங்கே, மருந்து அலமாரிகளின் இழுப்பறைகளைத் திறந்து உள்ளே இருப்பவற்றை நாமே பார்க்கலாம்.

வெளியே உள்ள சதுக்கத்தின் இன்றைய பெயர் ‘கெட்டோ வீரர்கள் சதுக்கம்’. ஆட்களைக் கொண்டுபோன பின் சதுக்கத்தில் சிதறிக் கிடந்த மேசை நாற்காலிகளைப் பற்றிப் பன்கியெவிச் எழுதியதை அடியொற்றி, 2005-இல் அங்கே வெண்கலமும் இரும்புமான வெறும் நாற்காலிகளை நிறுத்தியிருக்கிறார்கள். பேச்சுக்குப் படம் தேவைப்பட்டால், கடை வாசலும் நாற்காலிகளும் சேர்ந்து தெரியும்படி நான் எடுத்தவை சில இருக்கின்றன. தனிமடலில் முகவரி தந்தால் அனுப்பி வைக்கிறேன்.