ஒரு லட்சத்துக்குள் எடிட்டிங் லேப்டாப்: கேமிங்கா, மேக்கா?

கோத்தகிரி ஃபிரேம்:
வணக்கம். கல்யாணம், காதுகுத்து, சீசனில் வெளியூர் ஜோடிகளுக்கு அவுட்டோர் ஷூட், இதுதான் பிழைப்பு. இத்தனை நாள் டெஸ்க்டாப்பில் எடிட் செய்தேன். போன மழையில் மரம் சாய்ந்து கம்பி அறுந்து மூன்று நாள் கரண்ட் இல்லை. வீடியோ கொடுக்க வேண்டிய தேதி தாண்டிவிட்டது. பெண்ணின் அப்பா போனில் பேசியதை இங்கே எழுத முடியாது. அதனால் லேப்டாப்புக்கு மாறுகிறேன். கையில் ஒரு லட்சம் இருக்கிறது. கேமராவில் எடுப்பது 4கே, எச்.265 (வீடியோவைச் சுருக்கி வைக்கும் முறை), 10 பிட் 4:2:2 (நிற விவரம் கூடுதலாக வைக்கும் வகை). வீடியோ எடிட்டுக்கு பிரீமியரும் போட்டோவுக்கு லைட்ரூமும் ஓட வேண்டும். ஆர்டிஎக்ஸ் 4060 கிராஃபிக்ஸ் கார்டு போட்ட கேமிங் லேப்டாப் வாங்கவா, எம்4 மேக்புக் ஏர் வாங்கவா?

மலைரயில்:
இதில் யோசிக்க என்ன இருக்கிறது தம்பி? 4060தான். 8 ஜிபி வீடியோ மெமரி, ஃபேன் இரண்டு. பெரும்பாலான மாடல்களில் ரேமை நாளைக்கே கழற்றி 32 ஆக்கிக்கொள்ளலாம், எஸ்எஸ்டிக்கு இன்னொரு இடமும் இருக்கும். எம்4 ஏர் 2025 மார்ச்சில் வந்தபோது 99,900 ரூபாய்க்குக் கொடுத்தது 16 ஜிபி ரேமும் 256 ஜிபி இடமும். நொடிக்கு 200 மெகாபிட்டில் எடுத்தால் ஒரு மணி நேரத்துக்கு 90 ஜிபி போய்விடும். அந்த 256 ஒரு முகூர்த்தத்தைத் தாங்காது. அப்புறம் கூட்டவும் முடியாது, எல்லாம் போர்டிலேயே ஒட்டிக் கிடக்கிறது. கேமரா கார்டு போடக்கூட ஓட்டை கிடையாது.

பனிப்பூ:
தம்பி எதற்காக லேப்டாப் தேடுகிறார் என்பதையே மலைரயில் மறந்துவிட்டார். கரண்ட் போனதுதான் பிரச்சினை. கேமிங் லேப்டாப்பின் சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள். செருகியிருந்தபோது பறந்த கார்டு பேட்டரியில் நொண்டும், அதுவும் ஒரு மணி, ஒன்றரை மணி நேரம்தான். அந்தச் சார்ஜரே 200 வாட்டைத் தாண்டிய செங்கல். ஏர் பேட்டரியில் இருந்தாலும் அதே வேகம். டைப் சி என்பதால் காரிலிருந்தோ, நல்ல பவர் பேங்கிலிருந்தோ ஏற்றிக்கொள்ளலாம்.

இன்னொன்று. உங்கள் ஃபுட்டேஜ் 4:2:2. 40 வரிசை ஆர்டிஎக்ஸ் கார்டில் சுருக்கி வைத்த அதை ஓட்டிக் காட்ட விரிக்கும் சிப் வசதி இல்லை, 50 வரிசையில்தான் வந்தது. 4060 எவ்வளவு பெரிய கார்டாக இருந்தாலும் டைம்லைனை இழுக்கும்போது அது வேடிக்கை பார்க்கும், பிராசஸர் தனியாக மூச்சு வாங்கும்.

மலைரயில்:
பாதி உண்மை சொல்லி ஆளை பயமுறுத்துகிறீர்கள். இன்டெல் பிராசஸராக இருந்தால் அதற்குள் இருக்கும் சின்ன கிராஃபிக்ஸே எச்.265 4:2:2-ஐ விரித்துவிடும், 11ஆம் தலைமுறையில் இருந்தே. பிரீமியர் அதைப் பயன்படுத்திக்கொள்ளும். விரிப்பதை இன்டெல் பார்க்கும், கலர், எஃபெக்ட் எல்லாம் 4060 பார்க்கும்.

பனிப்பூ:
சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த முழு உண்மையையும் நீங்கள் முதலிலேயே சொல்லவில்லை. இன்டெல் என்றால்தான் அது நடக்கும். ஏஎம்டியின் ரைசன் பிராசஸர் போட்ட மாடலில் நடக்காது, கடையில் ஆஃபர் என்று முன்னால் அடுக்கி வைத்திருப்பது பெரும்பாலும் அதுதான். இன்டெல்லே வாங்கினாலும் செட்டிங்கில் பெரிய கார்டு மட்டும் என்று வைத்துவிட்டால் சின்ன கிராஃபிக்ஸ் தூங்கப் போய்விடும். கேமுக்கு அந்த செட்டிங்தான் நல்லது என்று எல்லோரும் வைப்பார்கள், அப்புறம் பிரீமியர் திணறுகிறது என்று புலம்புவார்கள். இரண்டு கிராஃபிக்ஸும் விழித்திருக்கும் ஹைபிரிட் நிலையிலேயே விட வேண்டும். தம்பி, குறித்துக்கொள்ளுங்கள்.

மலைரயில்:
அதையும் நானே சொல்லியிருப்பேன். உங்கள் ஏரில் ஃபேனே கிடையாது. 40 நிமிட கல்யாண வீடியோவை எக்ஸ்போர்ட் போட்டால் சூடேறி வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். இல்லை என்று சொல்லுங்கள் பார்ப்போம்.

பனிப்பூ:
குறைக்கும். எக்ஸ்போர்ட் போட்டுவிட்டு நான் சாப்பிடப் போவேன். ஊட்டிக் குளிர் எதற்கு இருக்கிறது?

லவ்டேல் வாசி:
குளிர் பேச்சு வந்ததால் நுழைகிறேன். ஊட்டி 2,240 மீட்டர். இந்த உயரத்தில் காற்றின் அடர்த்தி கடலோரத்தை விட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. ஃபேன் அதே வேகத்தில் சுற்றினாலும் தள்ளும் காற்று மெலிந்த காற்று. அந்த நஷ்டத்தை நம் குளிர் ஈடுகட்டிவிடுகிறது, அவ்வளவுதான். மலையில் லேப்டாப்புக்கு எமன் சூடு அல்ல, ஈரம். டிசம்பர் உறைபனியில் ஜீப்பில் கிடந்ததை அடுப்பு எரியும் வீட்டுக்குள் கொண்டுவந்து உடனே திறக்காதீர்கள், உள்ளே நீர் பூத்துவிடும். பையை மூடியபடியே அரை மணி நேரம் விடுங்கள். கேமராவுக்குச் செய்வதுதானே, இதற்கும் அதே.

பழைய ஸ்டூடியோ:
கூடலூரில் ஃபிலிம் காலத்தில் இருந்து தொழில் செய்கிறேன். நீங்கள் எல்லோரும் இன்ஜினைப் பற்றியே பேசுகிறீர்கள். கண்ணாடியை யாரும் துடைக்கவில்லை. திரை எப்படி என்று ஒருவராவது கேட்டீர்களா?

சில வருடம் முன்பு கார்டைப் பார்த்து ஒரு லேப்டாப் வாங்கினேன். திரை 45 சதவீதம் என்டிஎஸ்சி என்று பெட்டியில் சின்ன எழுத்தில் இருந்தது, எனக்கு அது என்னவென்று அப்போது தெரியாது. திரை எவ்வளவு நிறம் காட்டும் என்பதற்கான அளவு அது. எஸ்ஆர்ஜிபி என்று திரைகளுக்குப் பொதுவாக வைத்திருக்கும் நிற வரம்பில் சுமார் மூன்றில் இரண்டு பங்குதான் அதில் தெரியும். முகூர்த்தப் புடவையின் அரக்கு மங்கலாகத் தெரிந்தது, ஏற்றினேன். இன்னும் கொஞ்சம் ஏற்றினேன். லேபில் இருந்து ஆல்பம் வந்தபோது மணப்பெண் மேல் குங்குமத்தைக் கொட்டியது போல இருந்தது. மறுபடியும் என் காசில் பிரிண்ட் போட்டேன்.

கோத்தகிரித் தம்பிக்கு இது இன்னும் முக்கியம். பேரகணியில் படுகர்களின் ஹெத்தையம்மன் பண்டிகை எடுப்பீர்கள்தானே? ஊரே வெள்ளை உடுத்தி நிற்கும், பின்னால் மூடுபனி, கீழே தேயிலைப் பச்சை. வெள்ளைக்குள் நீலமும் பச்சையும் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று மோசமான திரை உங்களுக்குச் சொல்லவே சொல்லாது. எந்தக் கம்பெனியாக இருந்தாலும் 100 சதவீதம் எஸ்ஆர்ஜிபி என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். ஏரின் திரை அதைவிட அகலமான பி3 நிற வரம்பு வரை போகிறது, அதில் பனிப்பூ சொல்வது சரி. கேமிங்கில் மாடலுக்கு மாடல் மாறும். ஒரே பெயரில் நல்ல திரையும் மட்டமான திரையும் வரும்.

வேகத்துக்கு இவ்வளவு அடிபிடி எதற்கு என்றும் புரியவில்லை. ராத்திரி புராக்ஸி, அதாவது எடிட்டுக்கான லேசான நகல், போட்டுவிட்டுப் படுத்தால் பழைய மெஷினில்கூட காலையில் எடிட் ஓடும்.

மலைரயில்:
திரை விஷயம் ஒப்புக்கொள்கிறேன் சார். புராக்ஸியை ஒப்புக்கொள்ள மாட்டேன். ராத்திரி முழுக்க கரண்ட் இருக்கும் என்ற நம்பிக்கையில் போடுவது அது. கூடலூர் மழையில் உங்களுக்கு அந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது?

பழைய ஸ்டூடியோ:
இன்வெர்ட்டர் இருக்கிறது ஐயா.

கோத்தகிரி ஃபிரேம்:
எல்லோருக்கும் நன்றி. சர்வீஸ் பற்றி யாரும் சொல்லவில்லையே? பழுதானால் நான் மேட்டுப்பாளையம் இறங்கி கோவை போக வேண்டும். ஒரு நாள் வேலை கெட்டுவிடும்.

லவ்டேல் வாசி:
வீட்டுக்கே வந்து பார்க்கும் வாரண்டி சில விண்டோஸ் லேப்டாப்களுக்கு உண்டு. வாங்கும் முன்பே உங்கள் பின்கோடைச் சொல்லி, மலைக்கு ஆள் ஏறி வருவார்களா என்று எழுத்தில் வாங்குங்கள். வருவோம் என்று கடைக்காரர் வாயால் சொல்வது மேட்டுப்பாளையத்தோடு நின்றுவிடும். மேக் என்றால் இறங்கித்தான் ஆக வேண்டும், போர்டில் கோளாறு என்றால் செலவும் பலமாக இருக்கும்.

மலைரயில்:
பார்த்தீர்களா.

பனிப்பூ:
பார்த்தோம். தம்பி, யார் பேச்சையும் கேட்காதீர்கள். உங்கள் கேமரா கிளிப் நாலைந்தை ஒரு எஸ்எஸ்டியில் போட்டுக்கொண்டு கோவை போங்கள். கடையில் சார்ஜரைப் பிடுங்கச் சொல்லி, இரண்டிலும் டைம்லைனை ஓட்டிப் பாருங்கள். ஓட்டிக் காட்ட மறுக்கும் கடை வேண்டாம்.

கோத்தகிரி ஃபிரேம்:
சனிக்கிழமை போய் வந்தேன். முதல் கடையில் தொடவே விடவில்லை. இரண்டாவது கடையில் நல்ல பையன் ஒருவன், இரண்டிலும் பிரீமியர் வைத்திருந்தான். இன்டெல் 4060 சார்ஜரோடு அருமையாக ஓடியது. எக்ஸ்போர்ட்டில் ஏரை முந்திவிட்டது, மலைரயில் அண்ணா சொன்னது சரிதான். சார்ஜரைப் பிடுங்கியதும் ஃபேன் இரைச்சலோடு திக்க ஆரம்பித்தது. ஏர் பிடுங்கியது தெரியாத மாதிரி ஓடியது. ஹெத்தை பண்டிகைப் படம் ஒன்றையும் இரண்டிலும் திறந்து பார்த்தேன். நான் இத்தனை நாள் வெள்ளை என்று நினைத்திருந்ததில் பச்சை ஏறியிருக்கிறது. அதை என் பழைய மானிட்டரும் காட்டவில்லை, அந்த 4060 திரையும் காட்டவில்லை.

ஏர் வாங்கிவிட்டேன். கையில் இருந்தது அதோடு காலி. 2 டிபி வெளி எஸ்எஸ்டிக்கு மச்சானிடம் கடன். வீட்டுக்கு வந்து கார்டைச் செருகப் போனபோதுதான் ஓட்டை இல்லை என்பது ஞாபகம் வந்தது. மலைரயில் அண்ணா, நாளைக்குக் குன்னூர் பக்கம் வருகிறேன், உங்களிடம் டைப் சி கார்டு ரீடர் ஏதாவது சும்மா கிடக்கிறதா?

மலைரயில்:
கிடக்கிறது. வா, டீ குடித்துக்கொண்டே உன்னைத் திட்ட வேண்டும்.