சாயம் போட்ட நூல் விக்கிறதைத் தொழிலா எடுத்துக்கலாமா? தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் செய்யறவங்க சொல்லுங்க

காவேரிப்பட்டணம் பொண்ணு:
எல்லாருக்கும் வணக்கம். எனக்கு குரோஷா பின்னத் தெரியும். மூணு மாசமா வெள்ளைப் பருத்தி நூல் வாங்கி வீட்லயே மாதுளைத் தோல், நீலச் சாயம் தர்ற அவுரி எல்லாம் வச்சு சாயம் போட்டுப் பாக்கறேன். போன வாரம் போட்ட ஆறு சிட்டத்துல (சிட்டம்னா சுத்தி முறுக்கி வச்ச நூல் கட்டு) ரெண்டைத் தோழி காசு குடுத்து வாங்கிக்கிட்டா. அதுல இருந்து ராத்திரி தூக்கம் வரல, ஆசை பிடிச்சு ஆட்டுது. லாப நஷ்டம் அப்புறம் பாத்துக்கலாம். தினமும் இதே வேலைன்னா சலிச்சுப் போகாதா?

பாலக்கோடு அக்கா:
சலிக்காது தங்கச்சி. ஏழு வருஷமா செய்யறேன், இன்னைக்கும் அவுரித் தொட்டி கிட்ட போனா கை பரபரங்குது. சுண்ணாம்பும் வெல்லமும் போட்டுப் பதமா வச்ச தொட்டியில நூலை முக்கித் தூக்கறப்ப நீலமே இருக்காது, மஞ்சளும் பச்சையுமா வரும். காத்து பட்டதும் ஓரத்துல இருந்து நீலம் ஏறும். முறுக்குக்குள்ள மட்டும் கொஞ்ச நேரம் பச்சை நிக்கும். விரலால பிரிச்சு விட்டா அதுவும் கண்ணு முன்னாடியே மாறிடும். அந்த ஒரு நிமிஷத்துக்காகவே விடிகாலையில எந்திரிப்பேன்.

ஒண்ணு மட்டும் மனசுல வச்சுக்கோ. பெங்களூர்ல ஒரு அம்மா எங்கிட்ட வாங்குன நூல்ல சால்வை பின்னிக்கிட்டு இருந்தாங்க. கடைசியில ஒரு சிட்டம் பத்தல. அதே நிறத்தைக் கொண்டு வர மூணு தடவை போட்டேன், வரவே இல்லை. காசைத் திருப்பிக் குடுத்தேன், ஆனா அந்தப் பாதிச் சால்வை இன்னும் என் மனசுல கிடக்கு. அதுல இருந்து ஒரு நிறம்னா பத்து சிட்டத்தையும் ஒரே அண்டாவுலதான் போடறது. ஒவ்வொரு தடவையும் ஒரு சாண் நூலை நோட்டுல முடிஞ்சு, என்னைக்குப் போட்டேன், எத்தனை முக்குன்னு பக்கத்துல எழுதிடுவேன். இப்ப மூணாவது நோட்டு ஓடுது. வித்த நூலெல்லாம் எங்கெங்கயோ போயிடுச்சு, அதோட நிறமெல்லாம் எங்கிட்டயே இருக்கு.

பட்டுல இறங்கறதா இருந்தா கணக்கு வேற. நம்ம தருமபுரியிலயே பட்டுக்கூடு அங்காடி இருக்கு, நூல் சுத்தறவங்களும் பழக்கம்தான். ஆனா ஒரு கிலோ கச்சாப் பட்டை சோப்பு, சோடா போட்டு வேக வச்சுப் பசை எடுத்தா முக்கால் கிலோ சுமார்தான் மிஞ்சும். கரைஞ்ச கால் கிலோவையும் சேர்த்து விலை போடு.

சாயப்பட்டறைப் பெரியவர்:
பாலக்கோடு அம்மா சொன்னது அத்தனையும் சரி. நான் தண்ணீரைப் பற்றிச் சொல்கிறேன். நம் பக்கம் போர் தண்ணீர் பெரும்பாலும் கடினம், சுண்ணாம்புச் சத்து அதிகம். அதில் இரும்பும் இருந்தால் மாதுளை மஞ்சள் மங்கிப் பாசி நிறமாகும். மஞ்சிட்டி வேரில் எடுக்கும் சிவப்புக்கோ அந்தச் சுண்ணாம்புச் சத்து நல்லதே செய்யும். உங்கள் வீட்டுக்கு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வந்தால் அதில் ஒரு சிட்டம், போர் தண்ணீரில் ஒரு சிட்டம் போட்டுப் பாருங்கள் அம்மா. பருத்தியில் சாயம் பிடிக்க முதலில் கடுக்காய், அப்புறம்தான் படிகாரம். நூறு கிராம் நூலுக்குப் பதினைந்து கிராம் படிகாரம் போதும். சமையல் மஞ்சளை மட்டும் நம்பாதீர்கள், வெயிலில் வெளுத்துவிடும்.

காவேரிப்பட்டணம் பொண்ணு:
ஐயா, ரெண்டு தண்ணியிலயும் மாதுளைத் தோல் போட்டுப் பாத்துட்டேன். குடிநீர்ல போட்டது பளிச்சுனு மஞ்சள். போர் தண்ணியில போட்டது பாசிப்பயறு நிறம். அக்கா, நானும் ஒரு நோட்டு வாங்கி ரெண்டையும் முதல் பக்கத்துல முடிஞ்சு வச்சுட்டேன். பாசிப்பயறு நிறச் சிட்டத்தை எங்கம்மா கேட்டு வாங்கிக்கிட்டாங்க, விக்கக் குடுக்க மாட்டாங்களாம். நாளைக்கு அதே போர் தண்ணியில பத்து சிட்டம் போடறேன்.