புரட்டாசியில் பள்ளிக்கூடச் சாப்பாட்டுப் பெட்டி: கறிக்குப் பதில் ஸ்லைஸ் சீஸ் போதுமா?

சாட்ஸ்வர்த்_அடுப்படி கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம், தென்னாப்பிரிக்காவின் டர்பனிலிருந்து எழுதுகிறேன். புரட்டாசி முடியும்வரை வீட்டில் கறி, மீன், முட்டை எதுவும் இல்லை. மகளுக்கு 7 வயது, மகனுக்கு 11. இருவர் பெட்டியிலும் தினமும் பிரவுன் பிரெட் 2, தனித்தனி உறையில் வரும் ஸ்லைஸ் சீஸ் 2, ஓரமாகக் கொஞ்சம் மாங்காய் அச்சார் (ஊறுகாய்). கறியில் கிடைக்கும் சத்து சீஸில் கிடைத்துவிடும் என்பது என் கணக்கு. மாமியாரோ, "அது பாலே இல்லை, பிளாஸ்டிக்" என்கிறார். யார் சொல்வது சரி? விரதத்துக்கு ஆகாதது ஏதாவது அதில் கலந்திருக்குமா?

பீனிக்ஸ்_சத்துணவு:

மாமியார் சொல்வது சரியில்லை அக்கா. உங்கள் கணக்கும் பாதிதான் சரி.

முதலில் புரதம். ஒரு ஸ்லைஸ் ஏறக்குறைய 20 கிராம், அதில் புரதம் மூன்றரை கிராம் வரை. இரண்டு போட்டால் 7. பிரெட்டிலும் 6 கிராம் போல இருக்கிறது. 7 வயதுப் பிள்ளைக்கு நாள் முழுவதற்கும் 20 கிராம் போதும், மகனுக்கு 34. ராத்திரி பருப்பும் சோறும் சாப்பிட்டாலே மீதி வந்துவிடும். புரதத்துக்காகக் கவலைப்படவே வேண்டாம்.

கறியை நிறுத்தினால் உண்மையில் குறைவது இரும்புச்சத்து. அது சீஸில் இல்லை என்றே சொல்லலாம். போதாததற்கு, சீஸில் உள்ள சுண்ணாம்புச்சத்து கூடவே சாப்பிடும் பயறு, கீரை, பிரெட்டின் இரும்பையும் உடம்பில் ஏறவிடாமல் கொஞ்சம் தடுக்கும். நம் நாட்டில் 2003 முதல் கோதுமை மாவிலும் மீலி மீல் என்கிற மக்காச்சோள மாவிலும் இரும்பு கலக்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. அந்த பிரெட்டுக்கு நடுவில் தினமும் சீஸ் வைத்தால் அதன் பலனும் குறையும். ஷுகர் பீன்ஸ் (புள்ளி போட்ட காய்ந்த பீன்ஸ்) வேகவைத்தது ஒரு கப்பில் மூன்றரை மில்லிகிராம் இரும்பு இருக்கிறது, 15 கிராம் புரதமும் உண்டு. வாரத்தில் மூன்று நாள் சீஸை எடுத்துவிட்டு, கெட்டியாக வற்றவைத்த பீன்ஸை மசித்து பிரெட்டில் தடவிக் கொடுங்கள். கூட ஒரு ஆரஞ்சு வையுங்கள், அதிலுள்ள வைட்டமின் சி இரும்பை உடம்பில் ஏற்றிவிடும். தேநீர் மட்டும் அந்த வேளையில் வேண்டாம்.

அடுத்தது உப்பு. எனக்குப் பெரிய குறையாகத் தெரிவது இதுதான். ஸ்லைஸ் சீஸில் 100 கிராமுக்கு 1200 முதல் 1600 மில்லிகிராம் சோடியம் இருப்பது வழக்கம். 1300 என்றே வைத்தாலும் இரண்டு ஸ்லைஸுக்கு 520. பிரெட்டில் 100 கிராமுக்கு 380க்கு மேல் இருக்கக் கூடாது என்று 2019 முதல் விதி, ஆக இரண்டு துண்டுக்கு 285 வரை. அச்சாரைத் தொடும் முன்பே 800 ஆகிவிட்டது! 7 வயதுக்கு ஒரு நாளைக்கு 1500ஐத் தாண்டக் கூடாது. பிரெட், சிப்ஸ், சூப் பொடி எல்லாவற்றுக்கும் உப்பு வரம்பு போட்ட அந்தப் பட்டியலில் சீஸ் இல்லை. அதனால் உறையை நீங்கள்தான் பார்த்து வாங்க வேண்டும்.

பால்பண்ணை_பழசு:

மேலே சொன்னதோடு பெரும்பாலும் ஒத்துப்போகிறேன். "பிளாஸ்டிக்" விஷயத்தை மட்டும் கொஞ்சம் விளக்குகிறேன்.

செடார் மாதிரி சீஸைத் துருவி, தண்ணீரும் பால்பவுடரும் சேர்த்து, 80 டிகிரி வாக்கில் சூடாக்கிக் கலக்குவார்கள். வெறும் சீஸை அப்படிச் சூடாக்கினால் எண்ணெய் தனியாக, சக்கை தனியாகப் பிரிந்துவிடும். பிரியாமல் இருக்க சோடியம் சிட்ரேட்டோ சோடியம் பாஸ்பேட்டோ சேர்க்கிறார்கள். உறையில் E331, E339, E452 என்று எண்ணாகவும் இருக்கலாம். டோஸ்ட்டில் அது வழவழவென்று உருகுவதும் இதனால்தான், செடாரைப்போல இரண்டு மடங்கு சோடியம் ஏறுவதும் இதனால்தான். நாக்குக்கு அவ்வளவு உப்புத் தெரியாது, அதுதான் ஏமாற்று. வீட்டில் சிறுநீரகக் கோளாறு உள்ள பெரியவர் இருந்தால் பாஸ்பேட் போட்ட ஸ்லைஸை அவருக்குக் கொடுக்காதீர்கள். உணவில் இயல்பாக இருக்கும் பாஸ்பரஸைவிட, சேர்த்த பாஸ்பேட் வேகமாக ரத்தத்தில் ஏறும்.

பால் ஒத்துக்கொள்ளாதவர்கள் ஒன்று கவனிக்க வேண்டும். முற்றிய செடாரில் லாக்டோஸ் என்கிற பால் சர்க்கரை அநேகமாக இருக்காது. ஸ்லைஸில் பால்பவுடர், வே பவுடர் (பால் திரிந்தபின் பிரியும் தண்ணீரின் பொடி) சேர்த்திருந்தால் இருக்கும். "சீஸ் சாப்பிட்டால் ஒன்றும் செய்யாது, ஸ்லைஸ் மட்டும் வயிற்றை உப்புகிறது" என்று சிலர் சொல்வதற்குக் காரணம் இது.

பொருள் பட்டியலில் முதலில் சீஸ் என்று இருந்தால் வாங்கலாம். தண்ணீரும் பாமாயிலும் ஸ்டார்ச்சும் முன்னால் வந்தால் மாமியார் சொன்னதற்குக் கிட்டத்தட்ட வந்துவிட்டோம் என்று அர்த்தம். :)

விரதக் கேள்விக்கு வருகிறேன். பாலை உறையவைக்கும் ரென்னெட் பழைய முறையில் கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுப்பது. இப்போது பெரும்பாலான ஆலைகளில் நுண்ணுயிர் ரென்னெட்தான். ஆனால் பார்த்தால் தெரியாது, உறையில் சைவத்துக்கு உகந்தது என்ற குறி இருக்கிறதா என்று தேடுங்கள். பார்மிஜானோ ரெஜ்ஜானோ என்று அசல் இத்தாலிய சீஸ் வாங்கினால் அதில் கன்றின் ரென்னெட் நிச்சயம், அவர்கள் விதியே அப்படி.

மாரிட்ஸ்பர்க்_தயிர்சாதம்:

சீஸை ஒரேயடியாக வில்லனாக்க வேண்டாமே. ஒல்லியான, சாப்பிட அடம்பிடிக்கும் பிள்ளைக்கு அது நல்லதுதான். எதை, எவ்வளவு என்பதுதான் பேச்சு.

என் யோசனை, ஸ்லைஸை விட்டுக் கட்டி செடார் வாங்குங்கள். தீப்பெட்டி அளவு ஏறக்குறைய 30 கிராம், ஒரு பிள்ளைக்கு அதைவிடச் சின்னதாக 20 கிராம் போதும். புரதம் 5 கிராம், சுண்ணாம்பு 140 மில்லிகிராம், சோடியம் 130தான். 340 கிலோஜூல் என்பதால் கொழுப்பு கொஞ்சம் கூடுதல், அதனால்தான் 20ஓடு நிறுத்தச் சொல்கிறேன். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த கையோடு மெல்லிய பல்லில் துருவினால் அந்த 20 கிராமே பிரெட் முழுக்கப் பரவும். சூடு ஏறியபின் துருவினால் கட்டிகட்டியாக ஒட்டும்.

பனீர் இன்னும் நல்லது. முழுக்கொழுப்புப் பால் 1 லிட்டர், எலுமிச்சைச் சாறு 2 முதல் 3 மேசைக்கரண்டி. பால் பொங்கியதும் அடுப்பை அணைத்துவிட்டுச் சாற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். அடுப்பு எரியும்போதே மொத்தமாகக் கொட்டினால் ரப்பர் மாதிரி ஆகிவிடும். வடிகட்டி, பாரம் வைத்து அரைமணி விட்டால் 150 கிராமுக்கு மேல் கிடைக்கும். ரென்னெட்டும் இல்லை, உப்பும் இல்லை, விரதக் கேள்வியே எழாது.

சுண்ணாம்புச்சத்துக்கென்றால் அமாசி (இங்கே கிடைக்கும் புளித்த பால்) இருக்கிறதே! ஒரு டம்ளரில் இரண்டு ஸ்லைஸுக்குக் குறையாத சுண்ணாம்பு, சோடியம் நூற்றுச் சொச்சம்தான். பள்ளி விட்டு வந்ததும் கொடுங்கள், மதியப் பயறின் இரும்போடு மோதாது.

சாட்ஸ்வர்த்_அடுப்படி:

ரொம்ப நன்றி. பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தேன், 100 கிராமுக்குச் சோடியம் 1480! திறந்த பாக்கெட்டில் இன்னும் 14 ஸ்லைஸ் இருக்கிறது. ஃப்ரீசரில் வைக்கலாமா?

பால்பண்ணை_பழசு:

வேண்டாம், உருகியபின் மாவுமாதிரி உதிரும். ஃப்ரிட்ஜிலேயே வைத்து, ஆளுக்கு ஒன்றாக, அச்சார் இல்லாத நாளில் தீர்த்துவிடுங்கள். தக்காளியைப் பெட்டியில் தனியாக வையுங்கள், உள்ளே வைத்தால் பத்து மணிக்கே பிரெட் ஊறிவிடும். டர்பன் வெயிலுக்குப் பக்கத்தில் உறையவைத்த தண்ணீர் பாட்டில் ஒன்றும் வையுங்கள். துருவிய செடார் என்றால் அது கட்டாயம் வேண்டும், ஸ்லைஸைவிடச் சீக்கிரம் எண்ணெய் விடும்.