‘அக்கர்’ என்றால் வயலா, விளையா?

பூதப்பாண்டிக்காரி கேட்டது:
நாகர்கோவிலில் ஜெர்மன் வகுப்புக்குப் போகிறேன். ‘அக்கர்’, ‘ஃபெல்டு’ இரண்டுக்கும் வயல் என்றே எழுதித் தந்தார்கள். வேறுபாடு கேட்டதற்கு, “தேர்வுக்கு வராது” என்று முடித்துவிட்டார்கள். எங்கள் வீட்டில் தண்ணீர் நிற்கும் வயல் வேறு, தென்னை நிற்கும் விளை வேறு. மாற்றிச் சொன்னால் ஆச்சி சிரிப்பாள். அங்கேயும் அப்படி ஏதாவது இருக்குமே?

தேரூர்க் குளத்தங்கரை:
இருக்கிறது மக்களே. அந்த நாட்டில் ஒன்பது ஆண்டு இருந்துவிட்டு வந்தவன் சொல்கிறேன். அக்கர் என்பது ஏர் பட்ட நிலம். கோதுமையும் உருளைக்கிழங்கும் போடுகிற மண். புல்லுக்கு விட்டது ‘வீஸே’. அதை அக்கர் என்று எந்த விவசாயியும் சொல்லமாட்டான். ஃபெல்டு அகலமான சொல். போர்க்களம், கால்பந்துக் களம் எல்லாம் அதற்குள் வரும். நம் வயலில் தண்ணீர் நிற்க வேண்டும்; அக்கரில் நின்றால் பயிர் அழுகும். விளையில் தென்னையை எடுத்துவிட்டு உழுது போட்டதாக நினைத்துக்கொள், அதுதான் அக்கர்.

லத்தீன் ‘அகெர்’, கிரேக்க ‘அக்ரோஸ்’, சமஸ்கிருத ‘அஜ்ர’ எல்லாம் இதற்கு உறவு. நாம் பத்திரத்தில் எழுதுகிற ஏக்கரும் ஆங்கிலம் வழியாக வந்த அதே சொல்தான். ஓர் ஏர் மாடு ஒரு நாளில் உழுகிற அளவே பழைய ஏக்கர். ஜெர்மானியர்களுக்கு ‘மோர்கன்’ என்று ஒன்று உண்டு; அதற்குக் காலை என்று பொருள். ஒரு காலைப்பொழுது உழவு! ஊருக்கு ஊர் அளவு மாறும். பிரஷ்ய மோர்கன் ஏறக்குறைய 63 சென்ட். நாமோ விதையால் அளந்தோம்: கோட்டை விதைப்பாடு, மரக்கால் விதைப்பாடு. இத்தனைக்கும் நம் நாஞ்சில் நாட்டுப் பெயரில் உள்ள நாஞ்சில் என்றாலே கலப்பை.

இரவுப்பணி செவிலி:
ஜெர்மனியில் நான் வேலை பார்க்கும் வார்டில் வயல் ஏது? ஆனால் ‘அக்கர்ன்’ தினமும் காதில் விழும். உழுவது என்பது நேர்ப்பொருள். முதுகொடிய உழைப்பதையும் அப்படித்தான் சொல்வார்கள். வேலை முடிந்ததும் சத்தமில்லாமல் நழுவுகிறவன் ‘அக்கரை விட்டுப் போகிறான்’. தங்கைக்குத் தேர்வில் வராவிட்டாலும் இங்கே வந்தால் உதவும்.

மயிலாடி வாசகர்:
விட்டுப்போன ஒன்று. கல்லறைத் தோட்டத்துக்கு ஜெர்மனில் ‘கோட்டஸ்அக்கர்’ என்ற பழைய பெயர் உண்டு, கடவுளின் உழவு நிலம். 1806-இல் எங்கள் ஊருக்கு வந்த ரிங்கல்தௌபே பாதிரியாரின் தாய்மொழி அது. நாம் தோட்டம் என்கிறோம், அவர்கள் வயலாக்கிவிட்டார்கள்.

பூதப்பாண்டிக்காரி:
அனைவருக்கும் நன்றி. ஆச்சியிடம் 63 சென்ட் கணக்கைச் சொன்னேன். நம்பவில்லை. “நம் மாடு என்றால் உச்சி சாய்ந்துவிடும்” என்கிறாள்.