தீனித் தட்டில் குறைந்ததெல்லாம் சுண்டெலி தின்றதுதானா?

கயல்:
அனைவருக்கும் வணக்கம். மருந்தியலில் முனைவர் பட்ட ஆய்வின் இரண்டாம் ஆண்டில் இருக்கிறேன். கொழுப்பு மிகுந்த தீனியால் பருமனாக்கப்பட்ட சி57பிஎல்/6 என்னும் ஆய்வக இனச் சுண்டெலிகளுக்கு, பசியைக் குறைக்கும் மருந்தான லிராக்ளுடைட் கொடுத்து, அவை தின்னும் அளவு எவ்வாறு குறைகிறது என்று பார்ப்பது என் வேலை. கூண்டுக்கு ஒன்றாக மொத்தம் 16 சுண்டெலிகள். தினமும் காலை 9 மணிக்குத் தீனித் தட்டையும் தண்ணீர்ப் புட்டியையும் நிறுத்து, முந்தைய நாள் எடையிலிருந்து கழித்துக் குறித்துக்கொள்கிறேன். சென்ற மாதம், மருந்து பெறாத குழுவில் ஒரு சுண்டெலி நாளுக்கு 7 கிராம் தின்றதாகக் கணக்கு வந்தது. அதன் உடல் எடையோ அசையவே இல்லை. நெறியாளர் தானியங்கிக் கருவி வாங்கலாம் என்கிறார். கைத்தராசு தராத எதை அது தரும்? தட்டையே தராசில் தொங்கவிடும் முறை நல்லதா, உருண்டை உருண்டையாக எண்ணிக் கொடுக்கும் முறை நல்லதா? தண்ணீருக்கு, குழாயை எத்தனை முறை நக்கியது என்று எண்ணினால் போதுமா?

கூண்டடி:
அந்த 7 கிராமும் வயிற்றுக்குள் போகவில்லை என்று பார்க்காமலே சொல்லலாம். கலோரியில் 60 விழுக்காடு கொழுப்பிலிருந்து வரும் தீனியானால், கிராமுக்கு ஏறத்தாழ 5.2 கிலோகலோரி, 7 கிராமுக்கு 36க்கு மேல். பருத்த சுண்டெலி 22 பாகை செல்சியஸ் அறையில் ஒரு நாளில் செலவிடுவது 15 கிலோகலோரியை ஒட்டித்தான் இருக்கும். மிச்சம் உடம்பில் ஏறியிருந்தால் எடை காட்டிக்கொடுத்திருக்கும். சில சுண்டெலிகள் தீனியைக் கொறித்துக் கொறித்துக் கீழே தள்ளும். சில, துண்டுகளை இழுத்துக்கொண்டுபோய்ப் படுக்கைக்குள் பதுக்கும். கூண்டின் படுக்கைத் தூளைச் சலித்துப் பாருங்கள்.

இந்தத் தவறிலிருந்து தானியங்கித் தராசும் தானாகத் தப்பிவிடாது. சிந்துவதைப் பிடிக்கும் தட்டும் அதே எடை உணரியின் மேல் இருந்தால்தான் கீழே விழுந்தது தின்ற கணக்கில் சேராது. சுண்டெலி தட்டைத் தொட்டவுடன் எடை நடுங்கத் தொடங்கும். நடுக்கம் அடங்கியதும் எடுத்த எடையை, தொடுவதற்கு முன்பிருந்த எடையிலிருந்து கழித்து ஒரு கொறிப்பு என்று மென்பொருள் பதிகிறது. அடுத்தடுத்த கொறிப்புகளுக்கு இடையில் எத்தனை நிமிட இடைவெளி இருந்தால் புதிய வேளை என்று கொள்வது என்பது நாம் கொடுக்கும் எண். 5 நிமிடம் என்று வைப்பதும் 15 நிமிடம் என்று வைப்பதும் நாளின் மொத்தத்தை மாற்றாது. வேளைகளின் எண்ணிக்கையை அடியோடு மாற்றிவிடும். அதை ஆய்வு தொடங்குமுன் முடிவு செய்து எழுதிவையுங்கள்.

கைத்தராசு தராதது நேரம். சுண்டெலி தின்பதில் பெரும்பங்கு இருட்டில் நடக்கிறது. விளக்கணையும் நேரத்தில் ஊசி போட்டு, மறுநாள் காலை ஒரே ஓர் எண்ணை எழுதினால், மருந்து வேளையின் அளவைக் குறைத்ததா, வேளைகளின் எண்ணிக்கையைக் குறைத்ததா, முதல் சில மணி நேரம் குமட்டலால் ஒதுங்கியிருந்துவிட்டுப் பிறகு ஈடுகட்டியதா என்பது எதுவும் தெரியாது. இவ்வகை மருந்துகளில் குமட்டல் சாதாரணம். ஆனால் எலிகளாலும் சுண்டெலிகளாலும் வாந்தி எடுக்க முடியாது. பெரிய எலிகளானால் குமட்டும்போது கயோலின் என்னும் வெண்களிமண்ணைத் தின்னும் என்பதால், இரண்டாவது தட்டில் அதை வைத்துப் பார்ப்பவர்கள் உண்டு.

உருண்டை எண்ணும் கருவியில் ஃபெட்3 என்பது செயின்ட் லூயிஸ் வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வகம் ஒன்று 2021இல் வரைபடங்களோடு வெளியிட்டது; யாரும் செய்துகொள்ளலாம். 20 மில்லிகிராம் உருண்டையை ஒவ்வொன்றாகக் குழிக்குள் விழச்செய்து, அகச்சிவப்பு ஒளி தடை நீங்கும் கணத்தை உருண்டை எடுக்கப்பட்ட நேரமாகப் பதிகிறது. விலை குறைவு என்றாலும், உங்கள் தீனி எண்ணெய்ப் பசையுள்ளது. அத்தகைய உருண்டைகள் எங்களிடம் அடிக்கடி சிக்கிக்கொண்டன. இந்த ஆய்வுக்குத் தொங்கும் தட்டே ஏற்றது.

நீர்க்குழாய்:
தண்ணீரைப் பற்றி மட்டும் சொல்கிறேன். (‘நக்கல்’ என்று அறிக்கையில் எழுதி ஒருமுறை எல்லோரையும் சிரிக்கவைத்திருக்கிறேன், அதனால் நாத்தொடுகை என்கிறேன்.) பெரிய எலி நொடிக்கு 6 அல்லது 7 முறை குழாயைத் தொடும், சுண்டெலி அதைவிடச் சற்று வேகம். நாக்கு உலோகக் குழாயைத் தொடும்போது மிகச் சிறிய மின்னோட்டம் ஓடுவதை எண்ணுவது பழைய முறை. மூளையின் மின்சைகைகளையும் சேர்த்துப் பதிபவர்களுக்கு அந்த மின்னோட்டமே இரைச்சலாகிவிடுவதால், அவர்கள் ஒளிக்கற்றை முறைக்குப் போகிறார்கள்.

எண்ணிக்கை கன அளவு ஆகாது. ஒரு தொடுகைக்கு எவ்வளவு நீர் வரும் என்பது குழாய் முனையின் துளையையும் புட்டியில் எஞ்சியிருக்கும் நீரையும் பொறுத்தது. ஆகவே புட்டியையும் நிறுத்தாக வேண்டும்: எப்போது குடித்தது என்பதற்குத் தொடுகை, எவ்வளவு என்பதற்கு எடை. படுக்கைத் தூள் குவிந்து குழாயின் முனையைத் தொட்டுவிட்டால் இரவோடிரவாகப் புட்டி காலியாகும். 30 கிராம் சுண்டெலி 80 மில்லிலிட்டர் குடித்ததாகக் கணினி நிதானமாகப் பதிந்துவைத்திருக்கும். நாளுக்கு 4 முதல் 6 மில்லிலிட்டரே அதன் வழக்கம். சுண்டெலி இல்லாத ஒரு கூண்டிலும் புட்டியைத் தொங்கவிட்டு, ஒழுகலையும் ஆவியாவதையும் அறிந்து கழியுங்கள். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் கர்ட் ரிக்டர் என்னும் ஆய்வாளர், உடலில் உப்பைத் தக்கவைக்க உதவும் அட்ரீனல் சுரப்பி அகற்றிய எலிகள் உப்புநீரைத் தேடிக் குடித்து உயிர் பிழைப்பதை 1930களில் கண்டபோது, தானியங்கி எதுவுமில்லை. அளவுகோடிட்ட புட்டிகள்தாம் இருந்தன.

இரவுப்பணி:
கூண்டடி சொன்னவற்றில் ஒன்றைச் சேர்க்க வேண்டும். சுண்டெலிக்கு உடல் வெப்பத்திற்காகத் தனியே உழைக்கத் தேவையில்லாத சூழல் 30 பாகையை ஒட்டியது. 22 பாகையில் தனித்திருப்பது, ஒன்றையொன்று அணைத்துப் படுக்க முடியாததால், குளிரை ஈடுகட்டவே கூடுதலாகத் தின்னும். கூடு கட்டப் பொருள் கொடுத்தீர்களா? அதுவும் எண்ணை மாற்றும். தோலுக்கடியில் அடையாளச் சில்லு பதித்துக் கூட்டமாக வளர்க்கும் ஏற்பாடும் உண்டு. ஒரே நேரத்தில் இரண்டு வாய் வைத்தால் யார் தின்றது என்று தெரியாது என்பதால், ஒருவர் மட்டும் நுழையும் சுரங்கம் தேவை; அந்தச் சுரங்கத்தின் வாயில் ஆதிக்கமுள்ள ஆண் சுண்டெலி உட்கார்ந்துகொண்டால் மற்றவை பட்டினி. எதைத் தேர்ந்தாலும், புதிய தட்டுக்குப் பழக ஒரு வாரம் விட்டு, அந்த நாள்களில் தினமும் உடல் எடை பாருங்கள். கருவியின் கடிகாரத்தையும் விளக்கின் கடிகாரத்தையும் ஒப்பிடுங்கள். மின்தடைக்குப் பின் விளக்கு ஒரு மணி நேரம் தள்ளிப்போனதை நாங்கள் மூன்று வாரம் கழித்தே கண்டுபிடித்தோம்.

கயல்:
மூவருக்கும் நன்றி. இன்று அந்தக் கூண்டின் தூளைச் சலித்தேன். ஒரு நாள் சேர்ந்ததில் தீனித் துணுக்குகள் மட்டும் 4 கிராமுக்குச் சற்று மேல். கூடு கட்டப் பொருள் 16 கூண்டுகளில் 9இல்தான் இருந்தது. யார், எப்போது வைத்தார்கள் என்று குறிப்பேட்டில் இல்லை. சென்ற மாதத் தரவை என்ன செய்வதென்று நெறியாளரிடம் நாளை பேசப்போகிறேன்.