புதுப்பிப்பு: உப்புவெளித் தொட்டி தெளிந்துவிட்டது

திருகோணமலை அருகே உப்புவெளியில் எங்கள் விடுதியின் சுடுநீர்த் தொட்டி, எவ்வளவு குளோரின் போட்டாலும் கஞ்சித் தண்ணீர் போலக் கலங்கிக் கிடக்கிறது என்று சென்ற மாதம் புலம்பியிருந்தேன். குற்றவாளி அகப்பட்டுவிட்டான்: நான்தான்.

தினமும் நான் அள்ளிப் போட்டது டைக்குளோர் தூள். அதில் குளோரினோடு, வெயிலில் அது சிதையாமல் காக்கும் சயனூரிக் அமிலமும் சேர்ந்தே வருகிறது. குளோரின் தீர்ந்துபோகும், அமிலம் போகாது. அது ஏற ஏற, இருக்கும் குளோரினும் கையைக் கட்டிக்கொண்டு நிற்கும். அளந்தால் அமிலம் 100 பிபிஎம்மை (பத்து லட்சத்தில் 100 பங்கு) தாண்டியிருந்தது! தொட்டியை முழுவதும் இறைத்துவிட்டுப் பவுசர் (தண்ணீர் வண்டி) நீர் நிரப்பினோம்.

கிணற்று நீரை இம்முறை தொடவில்லை. கச்சான் என்னும் வறண்ட மேல்காற்றில் தொட்டி வற்ற வற்ற அதையே ஊற்றியதில் வடிகட்டியின் மடிப்புகளெல்லாம் சுண்ணாம்பு. நகத்தால் சுரண்டினால் வெள்ளைப் பொருக்காக உதிர்ந்தது.

புது நீரில் மறுபடி தூள் போட்டு, அமிலம் 30 பிபிஎம் வந்ததும் அதை நிறுத்தித் திரவக் குளோரினுக்கு மாறிவிட்டேன். குமிழி விட்டாலே பி.எச். (நீரின் அமில-காரத் தன்மையின் அளவு) ஏறுகிறது, 7.8ஐத் தாண்டாமல் பார்த்துக்கொள்கிறேன்.

புது வடிகட்டி வாங்கச் சொன்ன அண்ணா மன்னிக்கவேண்டும், பழையதைக் கழுவியதே போதுமாக இருந்தது.